யார் கைவண்ணம்?

மறைக்கல்வி வகுப்பில் விடுதலைப் பயண நூலைப் படிக்கும்போது நாம் மோசேயை நினைவில் வைத்துக்கொள்கிறோம். செங்கடலை நினைவில் வைத்துக்கொள்கிறோம். பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அதே நூலில் வரும் இரண்டு கைவினைஞர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சந்திப்புக் கூடாரம் எப்படி அமையவேண்டும் என்னும் மாதிரியை இறைவன் மலையின்மீது மோசேக்குக் காட்டுகிறார். அடுத்து, அந்த வேலையைச் செய்யவேண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். யூதா குலத்துப் பெட்சலேல் ஒருவர். அவருக்குத் துணையாகத் தாண் குலத்து ஒகொலியாபு. பெட்சலேல் யார் மகன், யார் பேரன் என்பதுகூட அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பொன்வேலை, வெண்கலவேலை, கல் இழைத்துப் பதிக்கும் வேலை, மரவேலை, பூந்தையல் எல்லாம் இறைவன் தந்த ஞானம் என்றே நூல் கூறுகிறது. கைத்திறன் வாய்ந்த பெண்கள் தம் கையால் நூல் நூற்றுக் கொண்டுவந்ததும் மறக்காமல் குறிக்கப்பட்டுள்ளது.

மாதிரி வந்தது விண்ணிலிருந்து. அப்படியிருந்தும் செய்தவருடைய பெயர் மறைக்கப்படவில்லை. அன்பு மாணவியரே, இக்கட்டுரை சொல்ல வருவதும் இதுவே. வடிவத்தை வரைந்து தருபவர் ஒருவர், கையால் செய்து முடிப்பவர் மற்றொருவர் என்றிருக்கும்போது, அவ்விருவருக்கும் இடையே நேர்மை எப்படி இருக்கவேண்டும்? அண்மையில் உலகமே பேசிய ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம்.

மிலான் மேடையில் ஒரு செருப்பு

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிராடா என்னும் புகழ்பெற்ற நிறுவனம் ஆடவர் ஆடைகளைக் காட்சிக்கு வைத்தது. மேடையில் நடந்தவர்கள் சிலரது காலில் தோலால் ஆன செருப்பு. கட்டைவிரலை வளைத்துப் பிடிக்கும் வார், தட்டையான அடி, குறுக்கே அகலப் பட்டை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இந்தியாவில் பலரும், 'இது நம் கோலாப்பூர்ச் செருப்பு அல்லவா?' என்று வியந்தனர். நிறுவனமோ அதைத் தோல் செருப்பு என்று மட்டுமே குறித்திருந்தது. கோலாப்பூர் என்ற சொல்லும் இல்லை; இந்தியா என்ற சொல்லும் இல்லை.

கோலாப்பூர்ச் செருப்பு எப்படிப் பிறக்கிறது என்று சற்றே பார்ப்போம். எருமைத் தோலைக் கருவேலம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்துகிறார்கள். அடித்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தோல் வாராலேயே தைக்கிறார்கள், ஆணி அடிப்பதில்லை. மேல்பட்டையில் ஓடும் மெல்லிய தோல் பின்னலை வீட்டுப் பெண்கள் பின்னுகிறார்கள். புதிதில் சற்றுக் கடிக்கும். அணிய அணியக் காலின் வடிவத்துக்கு அதுவே பழகிவிடும். சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தோல் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலை இது. ஒடுக்கப்பட்டோரின் உயர்வுக்காகப் பாடுபட்ட கோலாப்பூர் மன்னர் ராஜரிஷி சாகு இத்தொழிலுக்கும் ஆதரவளித்தார். மகாராட்டிரத்தில் 4 மாவட்டங்கள், கருநாடகத்தில் 4 மாவட்டங்கள், ஆக 8 மாவட்டங்களுக்கு உரிய பொருள் என்று 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே எதிர்ப்புக் குரல் எழுந்தது. அதன்பின் அந்நிறுவனம் மகாராட்டிர வணிகர் சங்கத்துக்குக் கடிதம் எழுதி, இந்தியாவின் கைவினைச் செருப்பே தங்களுக்குத் தூண்டுதல் என்று ஒப்புக்கொண்டது. ஜூலை மாதம் அதன் குழுவினர் கோலாப்பூருக்கே வந்து தொழிலாளரைக் கண்டனர். டிசம்பரில் மகாராட்டிர, கருநாடக அரசுகளின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த மாநிலங்களிலேயே 2,000 இணைச் செருப்புகள் செய்யப்படும், கைவினைஞருக்குப் பயிற்சியும் தரப்படும் என்று அறிவித்தார்கள். ஓர் இணையின் விலை ஏறத்தாழ 800 யூரோ. நம் பணத்தில் 80,000 ரூபாய்க்கும் மேல். உள்ளூர்ச் சந்தையில் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் செருப்பு அது!

இந்த நிகழ்ச்சியில் தவறு எங்கே நேர்ந்தது? வெளிநாட்டார் நம் செருப்பை விரும்பியது தவறா? இல்லை. கலைகள் என்றுமே ஊர்விட்டு ஊர் போய்த்தான் வளர்ந்திருக்கின்றன. விலை உயர்ந்தது தவறா? அதில் நியாயமான பங்கு செய்தவருக்குப் போய்ச் சேருமானால் அதுவும் தவறில்லை. தவறு வரிசையில் இருந்தது. எடுத்தல் முதலில் நடந்தது. கேட்டல் பிறகு நடந்தது. டிசம்பரில் நடந்தது ஜூனுக்கு முன்பே நடந்திருக்குமானால், அதே செருப்பு அதே மேடையில் இரு நாட்டாருக்கும் பெருமையாக அமைந்திருக்கும். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மற்ற அனைத்தும் எளிதில் விளங்கும்.

இருவரும் ஏன் வேண்டும்?

'கைவினைஞருக்கு வடிவமைப்பாளர் எதற்கு? பாட்டன் காலத்தில் யார் வரைந்து கொடுத்தார்கள்?' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாட்டன் காலத்தில் குயவருக்கும் நெசவாளருக்கும் வாங்குபவர் முகம் தெரியும். மணப்பெண்ணின் தாய் தறிக்கு வந்து பாயின் நீளத்தையும் நிறத்தையும் சொல்லிவிட்டுப் போவாள். செய்பவரே வடிவமைப்பாளர், வாங்குபவர் பக்கத்துத் தெருக்காரர்.

ஆலைப் பொருளும் பிளாஸ்டிக்கும் வந்தபின் அந்த உறவு அறுந்தது. வாங்குபவர் இப்போது சென்னையிலோ பாரிசிலோ இருக்கிறார். அவர் வீட்டில் எவரும் பாயில் படுப்பதில்லை. ஆனால் கோரைப் பின்னலில் ஒரு கைப்பை கிடைத்தால் விரும்பி வாங்குவார். இந்தச் செய்தியைத் தறிக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும். அவரே வடிவமைப்பாளர். நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டது அமெரிக்கத் தம்பதியரான சார்லஸ், ரே ஈம்ஸ் இருவரும் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை. அதைத் தொடர்ந்து 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதற்கு முன்பே, 1952-இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைமையை ஏற்று, நாடெங்கும் அலைந்து நலிந்துபோன கலைகளைத் தேடித் தூக்கி நிறுத்தியவர் கமலாதேவி சட்டோபாத்யாயா அம்மையார்.

ஆகவே இருவருமே தேவை. ஆயினும் இங்கே ஒரு பெரும் மயக்கம் நேர்ந்துவிடுகிறது. 'சிந்திப்பவர் வடிவமைப்பாளர், அவர் சொன்னதைச் செய்யும் கை மட்டுமே கைவினைஞர்' என்ற எண்ணம் அது. தோல் எவ்வளவு வளையும், கோரை எங்கே ஒடியும், எந்தச் சாயம் எந்த நீரில் பிடிக்கும் என்பதெல்லாம் சிந்தனை ஆகாதா? பல நூறு ஆண்டுகள் பலர் சிந்தித்த சிந்தனை அவர்கள் விரல்களில் தங்கியிருக்கிறது. அது தாளில் எழுதப்படாத காரணத்தால் அறிவு ஆகாமல் போய்விடாது.

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

'புவிசார் குறியீடு வாங்கிவிட்டோமே, பிறகென்ன கவலை?' என்று எண்ணலாம். இதைச் சற்று விளக்கமாக அறிந்துகொள்வது நல்லது.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, பத்தமடைப் பாய், நீலகிரித் தோடரின் பூவேலை ஆகியன இக்குறியீட்டைப் பெற்ற நம் மாநிலத்துப் பொருள்களில் சில. இச்சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரை. வேறோர் ஊரில் எந்திரத்தில் நெய்த பாயைப் 'பத்தமடைப் பாய்' என்று எவரேனும் விற்றால் அவர்மீது வழக்குத் தொடரலாம். ஆனால் பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்? அங்கே சட்டத்தின் கை தளர்ந்துவிடுகிறது. பிராடா நிறுவனம் தன் செருப்பைக் 'கோலாப்பூர்ச் செருப்பு' என்று சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கோலாப்பூர்த் தொழிலாளருக்கு இழப்பீடு வேண்டி வழக்கறிஞர் சிலர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தபோதும், குறியீட்டைப் பதிவுசெய்த உரிமையாளர்கள் அவர்கள் அல்லர் என்று காட்டி 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

வடிவங்களைக் காக்கவென்றே 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்றால், அது புதிய வடிவங்களுக்கு மட்டும் உரியது. பாட்டி காலத்துக் கோலத்தைப் புதியது என்று எப்படிப் பதிவுசெய்வது? பழமையே ஒரு கலையின் பெருமை. சட்டத்தின் முன்னே அந்தப் பழமையே அதற்குத் தடை. விந்தையான நிலைதான்.

இது நம் நாட்டின் துயரம் மட்டுமன்று. மெக்சிகோ நாட்டு ஓவாகாக்கா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றின் பெண்கள் தங்கள் மேற்சட்டையில் தைக்கும் பூவேலை, பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஒருவரின் விலையுயர்ந்த மேற்சட்டையில் காணப்பட்டது; 2015-இல் அக்கிராமத்தார் அதைக் கண்டித்தனர். இதைப் போன்ற நிகழ்ச்சிகள் பல நடந்தபின் 2022 சனவரியில் அந்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொல்குடி மக்களின் கலைவடிவங்களை அவர்களுடைய முன் அனுமதியின்றி வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் இத்தகைய பாதுகாப்பு வரட்டும். வரும்வரை, சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்று எட்டவேண்டும்.

நேர்மைக்கு ஐந்து படிகள்

முதற்படி, கேட்டல். ஒரு சமூகத்தின் கலைவடிவத்தைப் பயன்படுத்துமுன் அச்சமூகத்தாரிடம் கேட்கவேண்டும். 'இல்லை' என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. தோடர் இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் பூவேலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைப்பார்கள். அந்தப் போர்வைக்குப் 'புத்துக்குளி' என்று பெயர். வாழ்நாளெல்லாம் அவர்கள் உடுத்துவதும் அதுவே. இறந்தவர் உடலைப் போர்த்தி அனுப்புவதும் அதுவே. விவரம் அறியாத ஒருவர் அதே பூவேலையைக் கால்மிதியில் போட்டுத் தரும்படி கேட்டால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்! நம் பலிபீடத் துணியைப் பற்றி எவரேனும் அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி, மாதிரிக்கும் கூலி. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். ஒரு பை செய்ய 4 நாள்; கூலி 800 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 200 ரூபாய். வடிவமைப்பாளர் 3 மாதிரிகள் கேட்கிறார். அதற்குக் கூலி இல்லை. பிறகு 20 பைகளுக்கு ஆர்டர் தருகிறார். வேலை செய்த நாள்கள் 12-உம் 80-உம் சேர்ந்து 92. கிடைத்த பணம் 16,000 ரூபாய். நாள் கூலி 174 ரூபாயாகக் குறைந்துவிட்டது. ஆர்டர் 5 பைகள் மட்டுமே என்றால்? 32 நாள் உழைப்புக்கு 4,000 ரூபாய்; நாளொன்றுக்கு 125. ஆர்டரே வராவிட்டால் 12 நாளும் வீண். புதிய வடிவத்தைச் சோதித்துப் பார்க்கும் செலவு முழுவதும் கைவினைஞர் தலையில் விழுந்துவிடுகிறது. சோதனை வடிவமைப்பாளருடையது, எனவே அதன் செலவும் அவருடையதாக இருப்பதே முறை.

மூன்றாம் படி, காலத்தில் பணம். நூலும் தோலும் சாயமும் ரொக்கத்துக்கு வாங்கவேண்டியவை. முன்பணம் இல்லாவிட்டால் கைவினைஞர் வட்டிக்கு வாங்குவார். பொருள் விற்றபிறகு பணம் தருகிறேன் என்பவர், தம் கடையை ஓர் ஏழையின் கடனில் நடத்துகிறார் என்றே சொல்லவேண்டும்.

நான்காம் படி, பெயர். புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இருக்கிறது. ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையொப்பம் இருக்கிறது. தறியிலிருந்து வந்த துணியில் மட்டும் கடையின் பெயர் இருக்கிறது! செய்தவர் பெயர், அது இயலாதபோது குழுவின் பெயர், அதுவும் இயலாதபோது ஊரின் பெயர் இருக்கவேண்டும்.

ஐந்தாம் படி, தொடர்ச்சி. ஒருமுறை வந்து, படம் எடுத்து, பத்துப் பொருள் வாங்கி, பிறகு திரும்பிப் பாராத வடிவமைப்பாளரால் நன்மையைவிடத் தீமையே மிகுதி. அவருக்காகப் பழைய வாடிக்கைக்காரரை விட்டவர் நடுத்தெருவில் நிற்பார். குறைந்த அளவானாலும் ஆண்டுதோறும் வரும் ஆர்டரே அடுப்பை எரிய வைக்கும்.

நம் வீட்டுக் கதை

பிறரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கைவேலை ஆசிரியை என்ற முறையில் இதில் முதற்பிழை என்னுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளிக் கண்காட்சிக்காகப் பத்தமடையில் கோரைப் பைகள் செய்யச் சொன்னோம். தாமிரவருணிக் கரையில் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, மெல்லியதாகக் கிழித்து, ஓடும் நீரில் ஒரு வாரம் போல ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்யும் வேலை அது. பதினோராம் வகுப்பு மாணவியர் அழகாகப் படம் வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்த நெசவாளர் அம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இந்த எடத்துல மடிச்சா கோரை ஒடிஞ்சிரும் டீச்சர்" என்றார். இரண்டு மாதிரிகள் செய்து பார்த்தார். மூன்றாவதில், மடிப்பு வரும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கோரைக்குப் பதிலாக நூலைக் கோத்து நெய்து கொண்டுவந்தார். பை துணிபோல மடிந்தது. அவர் செய்த அந்த மாற்றம் இல்லையேல் எங்கள் படம் படமாகவே இருந்திருக்கும்.

கண்காட்சியன்று பைகள் எல்லாம் மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. பாராட்டாதவர் இல்லை. அந்த அம்மாவும் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மேசைமீது நான் வைத்திருந்த அட்டையை அந்தச் சிறுமி எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள்: 'வடிவமைப்பு: பதினோராம் வகுப்பு மாணவியர்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்த அம்மா கோபிக்கவில்லை. சிரித்த முகத்தோடு, "எங்க பேரு போட எடம் இல்லியா டீச்சர்?" என்று கேட்டார்.

எனக்கு விடை கிடைக்கவில்லை. அட்டையில் இடம் தாராளமாக இருந்தது. என் மனத்தில்தான் இடம் இல்லாமல் போயிற்று. யோசித்துப் பார்க்கையில் பிழை அது ஒன்றோடு நிற்கவில்லை. மாதிரிகளுக்குக் கூலி தரவில்லை, முன்பணம் தரவில்லை, கண்காட்சி முடிந்தபிறகே கணக்கைத் தீர்ப்பதாகச் சொல்லியிருந்தேன். தீய எண்ணம் எதுவும் என்னிடம் இல்லை. நல்ல காரியத்துக்காகத்தானே என்ற நினைப்பே என் கண்ணை மறைத்தது.

மதர் அவர்களிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "மாதிரிக்கான பணத்தை நாளைக்கே நீங்களே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். மணியார்டர் வேண்டாம்" என்றார்கள். போனேன். அடுத்த கண்காட்சிக்குப் பாதிப் பணம் முன்னதாகத் தந்தோம். அட்டையில் பெயர் எழுத அனுமதி கேட்டபோது அந்த அம்மா சொன்னது எனக்கு இன்னொரு பாடம்: "எம் பேரு மட்டும் போடாதீங்க டீச்சர். கோரை கிழிச்சவ, சாயம் போட்டவ எல்லாரும் இருக்காளுவ." ஏழு பெண்களின் பெயர்களும் அட்டையில் ஏறின. கைவினை என்பது தனி ஒருவர் சொத்தன்று, ஊரின் உழைப்பு என்பதை நான் எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

கட்சு காட்டும் வழி

வரைபவர் ஒருவர், செய்பவர் ஒருவர் என்ற பிரிவே இல்லாமற் போக வழி உண்டா? குசராத்தின் கட்சுப் பகுதியில் அதற்கான முயற்சி நடந்திருக்கிறது. ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்க அம்மையார் முன்னின்று, 2005-இல் கலா ரக்சா வித்யாலயா என்ற பள்ளி தொடங்கப்பட்டது. பூத்தையல், நெசவு, அச்சுச் சாயம், முடிச்சுச் சாயம் ஆகியவற்றில் தேர்ந்த கைவினைஞர்களுக்கே வடிவமைப்பைக் கற்பிக்கும் பள்ளி அது. தொடர்ந்து சில நாள் வந்து படிப்பார்கள். இடையில் ஊருக்குத் திரும்பிக் கற்றதைத் தறியில் செய்து பார்ப்பார்கள். நிறம், அளவு, சந்தை, விலை நிர்ணயம் முதலியனவே பாடங்கள். 2014-இல் இதே வழியில் சோமையா கலா வித்யா என்ற நிலையமும் தோன்றியது.

இதன் பயன் என்ன? வடிவமைப்பாளர் முன் கைகட்டி நின்றவர்கள், சமமாக அமர்ந்து பேசத் தொடங்கினர். தம் பெயரிலேயே பொருள்களை வெளியிட்டனர். தந்தையின் தொழில் தனக்கு வேண்டாம் என்றிருந்த இளைஞர்களுக்கு அத்தொழில் மதிப்புள்ளதாகத் தோன்றியது. கைவினைகள் அழிவதற்கு வருமானக் குறைவு ஒரு காரணம் என்றால், மதிப்புக் குறைவு மற்றொரு காரணம். பிள்ளை மதிக்காத தொழிலைத் தந்தை எத்தனை நாள் கட்டிக் காக்க முடியும்?

திருச்சபையின் குரல்

இவையெல்லாம் புதுக் கருத்துகள் அல்ல. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பவருக்கு நியாயமான கூலி மறுக்கப்படலாகாது என்று உலகுக்கு அறிவித்தது. வறுமையால் வேறு வழியின்றி ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தாலும், அந்த இசைவு கொடுமையை நீதியாக்கிவிடாது என்பது அதன் போதனை. 'அவரே ஒப்புக்கொண்டார்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்பவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பின் மாண்பு செய்யப்படும் பொருளைப் பொறுத்தது அன்று, செய்யும் மனிதரைப் பொறுத்தது என்று விளக்கினார். தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பரைத் தொழிலாளரின் பாதுகாவலராக மே 1 அன்று கொண்டாடும் வழக்கத்தை 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் ஏற்படுத்தினார். நம் ஆண்டவரும் தச்சர் மகன் என்றே ஊரில் அறியப்பட்டவர் அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

மாணவியரே, உங்களில் சிலர் நாளை வடிவமைப்புக் கல்லூரிகளுக்குப் போவீர்கள். கிராமத்துத் தறிக்கு முன் அமரும்போது குறிப்பேட்டைத் திறக்குமுன் வணக்கம் சொல்லுங்கள். எடுத்த படத்தின் படியை அவர்களுக்கும் கொடுங்கள். உங்கள் தேர்வுக் கட்டுரையிலும் விலைச்சீட்டிலும் அவர்கள் பெயரை எழுதுங்கள். மதிப்பெண் உங்களுக்கு வரும். அவர்களுக்கு வரவேண்டியது தடையின்றிப் போகட்டும்.

பெற்றோரே, எந்திரத்தில் அச்சடித்த சுங்குடிக்கும் கையால் முடிச்சிட்ட சுங்குடிக்கும் உள்ள வேறுபாட்டைப் பெண் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குளிரூட்டிய கடையில் ஒட்டிய விலையைக் கொடுத்துவிட்டு, நடைபாதையில் பாய் விற்பவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம். வாங்கும்போது 'இதைச் செய்தவர் யார்?' என்று ஒருமுறை கேளுங்கள். நாலுபேர் கேட்டால் கடைக்காரர் விடையைத் தேடத் தொடங்குவார்.

அருட்சகோதரியரே, நம் சிற்றாலயத்துக்கு மெழுகுதிரித் தண்டுகளும் பீடத் துணிகளும் செய்து தருகிறவர்களின் பெயர்கள் நம் திருப்பலி மன்றாட்டிலே ஒருநாள் ஒலிக்கட்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

அன்று சந்திப்புக் கூடாரத்துக்கு ஒரு பெட்சலேல் கிடைத்தார். அவர் பெயர் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்கப்படுகிறது. நம் கண்காட்சி அட்டையில் இடம்பெற்ற ஏழு பெண்களின் பெயர்கள் அவ்வளவு காலம் நில்லா. ஆயினும் மறு ஆண்டுக் கண்காட்சியில் அந்தச் சிறுமி தன் தாயின் பெயரை உரக்கப் படித்தபோது, அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நம் கையால் ஆகும் நீதியை நாம் இருக்கும் இடத்திலேயே செய்ய, உழைப்பாளர் சூசையப்பர் நமக்காக வேண்டுவாராக!

— கைவேலை ஆசிரியை